சாவி எங்கே? படம் பார்க்கவும் வெட்டிக் கோக்கவும் பழகும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் சனிக்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களோடும் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். பிறகு அவர்களையே ஒரு சின்னக் காட்சி எடுத்து, வெட்டிக் கோத்துக் காட்டச் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம். கல்மேசை முன்னால் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அக்கா மேலே போய்ப் பார்த்தாள், வீடு பூட்டியிருக்கிறது. மறுபடி மின்தூக்கியில் இறங்கி அவனிடம் வருகிறாள். "சாவி எங்கே?" என்கிறாள். அவன் பள்ளிப்பையில் துழாவி எடுத்துக் கொடுக்கிறான். அவள் போகிறாள். ஒரு நிமிடம், எட்டு ஷாட்டுக்குள் முடிய வேண்டும். ஷாட் என்பது கேமரா நிறுத்தாமல் எடுத்த ஒரு துண்டு. இதைச் சாவிக் காட்சி என்போம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் காட்சியைச் சுற்றித்தான் வரும்.

கன்டினியூட்டி எடிட்டிங் என்றால் என்ன?

தனித்தனியாக எடுத்த துண்டுகளை, ஒரே இடத்தில் ஒரே மூச்சில் நடந்தது போலத் தோன்றும்படி சேர்ப்பது. தமிழில் தொடர்ச்சிப் படத்தொகுப்பு என்கிறோம்.

வகுப்பில் நான் சொல்லும் விளக்கம் இன்னும் எளிது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அடுத்த ஷாட் அதற்குப் பதில் சொல்கிறது. தம்பி தலையை நிமிர்த்துகிறான், யாரைப் பார்க்கிறான்? அக்காவை. அக்கா கையை நீட்டுகிறாள். அவனிடம் சாவி இருக்கிறதா? பைக்குள் அவன் கை. கேள்வி எழுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டால் காட்சி அவசரமாகத் தெரியும். எழுந்து நெடுநேரம் கழித்து வந்தால் சலிப்பு தட்டும். தெரிந்தே தாமதித்தால் அதுவே பதற்றமாகும். 180 டிகிரி, 30 டிகிரி என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் விதிகள் எல்லாம் இந்தக் கேள்வி பதிலுக்கு நடுவில் "இது எந்த இடம், இவள் எப்போது அந்தப் பக்கம் போனாள்?" என்ற வேண்டாத கேள்வி நுழையாமல் காப்பதற்குத்தான்.

நான் எடிட்டிங் கற்கத்தான் வந்தேன். பகுப்பாய்வு எதற்கு?

இரண்டும் ஒரே வேலை. படத்தைப் பார்த்து "இங்கே ஏன் வெட்டினார்கள்?" என்று கேட்கத் தெரியாதவருக்கு, தன் டைம்லைன் (மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) முன் உட்காரும்போது எங்கே வெட்டுவது என்று தெரியாது. பார்ப்பவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை ஊகிப்பதுதான் தொகுப்பாளரின் தொழில். அதற்குப் பயிற்சி, முதலில் நாமே கவனமுள்ள பார்வையாளர் ஆவது.

சுமார் 1920-இல் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனையை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. இவான் மொசூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் அடுத்தடுத்து ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் இருந்த ஷாட் மாறியது.

இதை நீங்களே செய்து பாருங்கள். சாவிக் காட்சியில் தம்பி சும்மா நிமிர்ந்து பார்க்கும் 3 விநாடித் துண்டு ஒன்றை எடுங்கள். அதற்குப் பின் அக்காவின் கோப முகத்தை ஒட்டினால் பயப்படுகிறான். மின்தூக்கிக் கதவு திறப்பதை ஒட்டினால் காத்திருக்கிறான். தரையில் கிடக்கும் சாவியை ஒட்டினால் மறைக்கிறான். இந்தப் பயிற்சியைச் செய்த மாணவர் எவரும் அதற்குப் பிறகு நடிப்பையும் தொகுப்பையும் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை.

இந்த இலக்கணத்தை யார் கண்டுபிடித்தார்கள்?

தனி ஒருவர் இல்லை. 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடி ஓடும் ஒரே ஷாட். வெட்டு என்ற பேச்சே இல்லை. 1902-இல் ஜார்ஜ் மெலியே எடுத்த நிலாப் பயணத்தில், குண்டு வடிவ விண்கலம் நிலவின் கண்ணில் வந்து குத்துகிறது. அடுத்த ஷாட்டில் அதே கலம் நிலவின் தரையில் மறுபடியும் வந்து இறங்குகிறது. 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த தீயணைப்புப் படத்தில் ஒரு தாயையும் குழந்தையையும் காப்பாற்றுவதை அறைக்குள் இருந்து முழுவதும் காட்டுகிறார். பிறகு வெளியே இருந்து மறுபடி முதலிலிருந்து காட்டுகிறார்.

ஒரு வெட்டு நடந்ததும் காலம் முன்னே போகிறதா, பின்னே போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பது அப்போது எடுத்தவர்களுக்கே முடிவாகவில்லை. இன்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிகிற ஒன்று அன்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கப்பட்டது. 1908-க்குப் பிறகு டி. டபிள்யூ. கிரிஃபித் போன்றவர்கள் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் முறையைக் கெட்டிப்படுத்தினார்கள். முதல் முயற்சியிலேயே உங்கள் காட்சி ஒட்டவில்லை என்றால் வருந்தாதீர்கள். இந்தக் கலைக்கே அது வாய்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு காட்சியைப் பகுப்பாய்வது எப்படி? எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த படத்திலிருந்து 3 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் படம் வேண்டாம். கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்று முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு. மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பிறகு பேனாவும் தாளும் எடுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி: எத்தனை விநாடி, அண்மையா தூரமா, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், எந்த நொடியில் வெட்டினார்கள். 180 விநாடிக் காட்சியில் 45 ஷாட் இருந்தால் சராசரி 4 விநாடி. அந்தச் சராசரியைவிட, அதை மீறும் ஷாட்தான் முக்கியம். எல்லாம் 3, 4 விநாடியாக ஓடும்போது ஒன்று மட்டும் 14 விநாடி நிற்கிறதா? அங்கே நிறுத்துங்கள். இயக்குநர் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார். ஏன்?

தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிப்பவர்களிடம் இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அகப்பாடலை முதல், கரு, உரி என்று பிரித்துப் படித்திருப்பீர்கள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துப் பறவை, மரம், உணவு, தொழில். உரிப்பொருள் அங்கே நிகழும் உணர்வு. இதையே ஷாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சாவிக் காட்சியின் முதல்: கீழ்த்தளம், பிற்பகல். கரு: கல்மேசை, தூண், மின்தூக்கி, பள்ளிப்பை, எங்கோ கத்தும் குயில். உரி: அலுத்து வந்தவளின் எரிச்சல், அதற்கடியில் தம்பி மேல் உள்ள பாசம். எஸ்டாப்ளிஷிங் ஷாட் என்று திரைப்படக்காரர்கள் சொல்வது முதற்பொருளை நிறுத்தும் ஷாட்தான். நெருங்கிப் போகப் போக உரி தெரிகிறது. சங்கப் பாடலில் கருப்பொருள் வெறும் வருணனையாக நிற்காமல் தலைவியின் மனத்தைச் சொல்கிற இடம் உண்டல்லவா? படத்திலும் அப்படித்தான். பைக்குள் தட்டுப்பட்ட கசங்கிய தேர்வுத்தாள் வெறும் பொருளா, அல்லது தம்பி ஏன் மேலே போகாமல் கீழேயே உட்கார்ந்திருந்தான் என்பதற்கு விடையா? இந்த ஒப்பீட்டை எத்தனையோ மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது நம்மிடம் இருக்கிற கருவி. கூச்சமில்லாமல் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பகுப்பாய்வுக் கட்டுரையில் மதிப்பெண் குறைகிறது. எல்லா உத்தியையும் குறிப்பிட்டுத்தானே எழுதுகிறேன்?

குறிப்பிட்டதோடு நிறுத்திவிடுகிறீர்கள், அதுதான் குறை. "இங்கே இயக்குநர் க்ளோஸ் அப் பயன்படுத்தியிருக்கிறார்" என்பது தகவல். "அதுவரை இருவரையும் சேர்த்தே காட்டிய கேமரா, சாவி கேட்டதும் தம்பியை மட்டும் தனியே பிரிக்கிறது, பதில் சொல்ல வேண்டியவன் அவன் மட்டும்தான் என்று அந்த வெட்டு சொல்கிறது" என்பது பகுப்பாய்வு. உத்தியின் பெயரே எழுதாமல்கூட இரண்டாவதை எழுதலாம்.

இன்னொன்று, கதைச்சுருக்கம். முதல் பத்தியில் கதை சொன்னால் போதும், இரண்டே வரியில்.

தமிழில் எழுதச் சொற்கள் இல்லையே?

ஷாட், கட், ஃப்ரேம் என்று தாராளமாக எழுதுங்கள். கோடம்பாக்கத்தில் வேலை செய்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டகம், அண்மைக் காட்சி என்று எழுத விரும்பினால் அதுவும் சரி. கட்டுரை முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும்.

ஆனால் தமிழ் கொடுக்கும் ஒரு செல்வத்தை விட்டுவிடாதீர்கள். பார்வைக்கு நம்மிடம் எத்தனை வினைகள்! பார்த்தாள், நோக்கினாள், முறைத்தாள், வெறித்தாள், உற்றுப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், ஏறிட்டுப் பார்த்தாள், ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு கேமரா இடம், ஒரு தலை அசைவு, ஒரு நீளம். "ஏறிட்டுப் பார்த்தான்" என்றால் கண் கீழிருந்து மேலே போகிறது, அதற்கு நேரம் பிடிக்கிறது, உடனே வெட்ட முடியாது. திரைக்கதையில் "தம்பி அக்காவைப் பார்க்கிறான்" என்று எழுதாமல் சரியான வினையை எழுதுங்கள். ஷாட் பாதி கிடைத்துவிடும்.

180 டிகிரி விதி எவ்வளவு சொன்னாலும் புரியவில்லை.

தாளில் வரைந்தால் குழப்பும். எழுந்து நின்று செய்யுங்கள். அக்காவாக ஒருவர், தம்பியாக ஒருவர். இருவர் மூக்குக்கும் இடையே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் கயிற்றின் ஒரு பக்கம். தபால் பெட்டிகள் மறுபக்கம். கார் நிறுத்துமிடப் பக்கத்திலிருந்து எடுத்தால் அக்கா இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறாள். தம்பி வலப்பக்கம் அமர்ந்து இடப்பக்கம் பார்க்கிறான். தனித்தனியாக முகத்தை எடுத்தாலும் அப்படியே: அவள் வலம் நோக்க, அவன் இடம் நோக்க, பேசிக்கொள்வது போல இருக்கிறது. இப்போது தம்பியின் முகத்தை மட்டும் தபால் பெட்டிப் பக்கம் போய் எடுங்கள். அவனும் வலப்பக்கம் பார்க்கிறான். இருவரையும் ஒட்டிப் பார்த்தால், பேருந்துக்கு நிற்பவர்கள் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உரையாடல் உடைந்துவிட்டது. கயிற்றைத் தாண்டாதே என்பதுதான் விதி.

நடைக்கும் இதே கணக்கு. மின்தூக்கியிலிருந்து அக்கா இடமிருந்து வலமாக வந்தால், அடுத்த ஷாட்டிலும் இடமிருந்து வலமாகத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போகிறாள் என்று தோன்றும்.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ஒரு குழு இதை வேறு விதமாகக் கற்றது. சிராங்கூன் சாலையில் அங்கே வாகனங்கள் ஒரே திசையில்தான் ஓடும். நடந்துகொண்டே பேசும் இருவரை ஒரு நடைபாதையிலிருந்து எடுத்தார்கள்; பாதியில் வெயில் தாங்காமல் எதிர்ப்பக்கம் போய் மீதியை எடுத்தார்கள். ஒட்டிப் பார்த்தால் பின்னணியில் பேருந்துகள் ஒரு ஷாட்டில் வலமாகவும் அடுத்த ஷாட்டில் இடமாகவும் போகின்றன. நடப்பவர்களும் அப்படியே திரும்பிவிட்டார்கள். வசனம் ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை.

தாண்டவே கூடாதா? தாண்டலாம், பார்ப்பவரையும் கூட்டிக்கொண்டு தாண்ட வேண்டும். வெட்டாமல் கேமரா நகர்ந்து மறுபக்கம் போகலாம். அக்கா மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்தால் கயிறும் அவளோடு நகர்கிறது. சாவியை மட்டும் காட்டும் ஓர் இன்சர்ட் ஷாட் வைத்துவிட்டு மறுபக்கம் போகலாம், ஏனென்றால் கையிலிருக்கும் சாவிக்கு இடமும் வலமும் கிடையாது.

ஓர் எளிய ஏற்பாடு: படம் எடுக்கத் தொடங்குமுன் கயிறு இருக்கும் இடத்தில் இரண்டு செருப்புகளை வைத்துவிடுங்கள். கேமரா பிடிப்பவர் அந்தப் பக்கம் போனால் கண்ணில் படும்.

30 டிகிரி விதி?

ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டினால் கேமராவை 30 டிகிரியாவது நகர்த்துங்கள், முடிந்தால் அளவையும் மாற்றுங்கள். கொஞ்சமாக நகர்த்தினால் உருவம் துள்ளுவது போலத் தெரியும். அதைத்தான் ஜம்ப் கட் என்கிறோம்.

அசைவில் வெட்டுவது என்றால்?

தம்பி பையைத் திறக்கிறான். அகன்ற ஷாட்டில் கை ஜிப்பை நோக்கிப் போகிறது. கை பாதி வழியில் இருக்கும்போதே வெட்டி, அண்மைக் காட்சியில் கை ஜிப்பைத் தொட்டு இழுப்பதைக் காட்டுகிறீர்கள். கண் கையைத் தொடர்ந்து போவதால் வெட்டு தெரிவதில்லை. அசைவு முடிந்து கை நின்ற பிறகு வெட்டினால், பார்ப்பவருக்குச் செய்ய வேறு வேலை இல்லை, வெட்டைத்தான் பார்ப்பார்.

இதற்கான வேலை படப்பிடிப்பிலேயே தொடங்குகிறது. இரண்டு ஷாட்டிலும் செயலை முழுவதும் நடிக்கச் செய்யுங்கள்: பையைப் பார்ப்பது முதல் சாவியை நீட்டுவது வரை. முன்னும் பின்னும் 5 விநாடி கேமரா ஓடட்டும். மாணவர்கள் "கட்" சொல்ல அவசரப்படுகிறார்கள், பிறகு வெட்ட இடமில்லாமல் தவிக்கிறார்கள். டைம்லைனில் ஒட்டும்போது ஒரு ஃப்ரேம் (ஓடும் படத்தின் ஒரு தனிப்படம்) இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடிதான். அந்த 40 மில்லி விநாடியைக் கண் உணர்கிறது. ஒட்டியது என்று தெரியும் நொடியில் மாணவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்த வகுப்பை நடத்தலாம்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்ப்பது போலவே இல்லை. ஏன்?

அவள் நிற்கிறாள், அவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் பார்வை கீழே இறங்க வேண்டும், அவன் பார்வை மேலே ஏற வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? தம்பியின் ஷாட்டை எடுக்கும்போது அக்காவாக நடித்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருப்பார். தம்பி காற்றைப் பார்த்து நடிப்பார். எதிரில் இருப்பவர் கேமராவில் தெரியாவிட்டாலும் அதே இடத்தில் நின்று வசனம் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டுமென்றால், அவர் கண் உயரத்தில் தூணில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு அனுப்புங்கள்.

தமிழ்ப் பாட்டுக் காட்சியில் ஒரு வரிக்கு மலை, அடுத்த வரிக்குக் கடற்கரை. புடவையும் மாறுகிறது. அங்கே தொடர்ச்சி எங்கே போயிற்று?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விதியை மீறிவிட்டார்கள் என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கோடிக்கணக்கானவர்கள் எந்தக் குழப்பமும் இல்லாமல் பார்க்கிறார்கள் என்றால், வேறு ஏதோ ஒன்று தொடர்ச்சியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் இசை. அது அறுபடவே இல்லை. அடுத்து உதடு: மலையில் தொடங்கிய வரியைக் கடற்கரையில் முடிக்கிறார்கள். மூன்றாவது உடல். அவள் மலையில் தலையைத் திருப்பத் தொடங்குகிறாள், கடற்கரையில் திருப்பி முடிக்கிறாள். முன்னே சொன்ன அசைவு வெட்டுத்தான் இது, பைக்கும் சாவிக்கும் செய்ததை இரண்டு ஊர்களுக்கு நடுவில் செய்கிறார்கள். இடமும் காலமும் விடுவிக்கப்பட்டுவிட்டன. ஒலியும் அசைவும் உணர்வும் பிடித்து வைத்திருக்கின்றன. பொழுது மாறலாம், நிலம் மாறலாம், உரி மாறவில்லை.

சோதிக்க விரும்பினால் ஒலியை நிறுத்திவிட்டு அதே பாட்டைப் பாருங்கள். தையல் எல்லாம் தெரியும். பிறகு பாட்டு முடிந்து வரும் முதல் ஷாட்டைக் கவனியுங்கள்: கதவு தட்டும் ஓசையோ யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ வந்து, நம்மை மறுபடி ஓர் இடத்தில் இறக்கிவிடுகிறதா என்று.

தொலைக்காட்சித் தொடர்களில் அதிர்ச்சியடைந்த ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவதையும் இப்படியே யோசியுங்கள். காலத்தை நீட்டுகிறார்கள். போர்ட்டர் 1903-இல் தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்கிறார்கள்.

ஒலிக்கும் தொடர்ச்சி உண்டா?

உண்டு, படத்தைவிட முக்கியமாக. கீழ்த்தளத்தில் எப்போதும் ஏதாவது கேட்கும்: தூரத்தில் ரயில், யார் வீட்டுத் தொலைக்காட்சி, விடியலில் தொடங்கிவிடும் குயில். அக்காவின் ஷாட்டில் ரயில் சத்தம் இருந்து தம்பியின் ஷாட்டில் இல்லாவிட்டால், படம் எவ்வளவு ஒட்டினாலும் வெட்டு காதில் விழும். அதனால் படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் பேசாமல் அசையாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் 30 விநாடி பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். எல்லா ஷாட்டுக்கும் அடியில் அதை விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம், ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டியதில்லை. தம்பி விளையாட்டில் மூழ்கியிருக்கிறான், அவன் முகத்தின் மேலேயே "சாவி எங்கே?" என்று குரல் கேட்கட்டும், அவன் நிமிரட்டும், அதன் பிறகு அக்காவைக் காட்டுங்கள். குரல் முதலில், ஆள் பிறகு: இது ஜே கட். அவள் திட்டிக்கொண்டே இருக்க, படம் மட்டும் பைக்குள் துழாவும் கைக்குப் போகிறது: இது எல் கட். முதல் தொகுப்பில் எல்லா வெட்டும் நேராகத்தான் இருக்கும். இரண்டாவது சுற்றில் ஒலியை இப்படி முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்.

ஷாட்டுக்கு ஷாட் பை தோள் மாறிவிடுகிறது, தண்ணீர் பாட்டில் நிரம்புகிறது. எப்படித் தடுப்பது?

குழுவில் ஒருவருக்கு அது மட்டுமே வேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு புகைப்படம். குறிப்பேட்டில் ஒரு வரி: பை வலத்தோள், ஜிப் பாதி, பாட்டில் முக்கால். இந்த வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். நல்ல தொகுப்பாளர்களாக வந்த என் மாணவர்கள் பலர் இங்கேதான் தொடங்கினார்கள்.

சிங்கப்பூரில் பெரிய எதிரி வெளிச்சமும் மழையும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கு விடிந்து 7 மணிக்கு மறைகிறது; அந்தி மிகக் குறுகியது. ஒரு குழு அகன்ற ஷாட்டை மாலை நாலரைக்கு எடுத்துவிட்டு, உணவங்காடி நிலையத்தில் தே குடிக்கப் போய், ஆறு மணிக்கு மேல் முகங்களை எடுத்தது. வெட்டுக்கு வெட்டு கல்மேசையில் தூணின் நிழல் குதித்தது. அவர்கள் நடிப்பு உண்மையில் நன்றாக இருந்தது; எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிடுங்கள், அகன்ற ஷாட்டை முதலில் எடுங்கள், வெயில் விழாத உட்பக்க மேசையைத் தேர்ந்தெடுங்கள். மழை வந்தால் நிறுத்துங்கள். நின்ற பிறகும் ஈரத்தரையும் சொட்டும் ஓசையும் ஷாட்டுக்குள் வந்துவிடும்.

விளக்கடியில் எடுத்தால் படம் சிமிட்டுகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு அந்த மின்சாரத்தின் தாளத்தில்தான் மினுங்கும்; கேமராவின் வேகம் அதோடு பொருந்தாவிட்டால் படம் சிமிட்டும். கைப்பேசி பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும்படி இருக்கும். 25 ஃப்ரேமுக்கு மாற்றி, ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 விநாடியில் வையுங்கள். சில எல்இடி விளக்குகள் அப்போதும் சிமிட்டும். அந்த விளக்கை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பெரிய இயக்குநர்கள் இந்த விதிகளை மீறுகிறார்களே?

மீறுகிறார்கள். ஜப்பானின் யசுஜிரோ ஓசு உரையாடல்களில் கயிற்றைத் தாண்டிக்கொண்டே இருப்பார். ஆனால் இரண்டு முகங்களையும் சட்டகத்தில் ஒரே இடத்தில் ஒரே அளவில் வைப்பார்; ஒரு தொடர்ச்சியை விட்டு வேறொன்றைக் கொடுக்கிறார். பிரான்சின் கொதார் 1960-இல் தன் முதல் முழுநீளப் படத்தில் ஷாட்டுகளின் நடுவிலேயே வெட்டி எடுத்தார். அந்தப் படபடப்பு கதைநாயகனின் படபடப்போடு பொருந்தியது.

அமெரிக்கத் தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் நல்ல வெட்டுக்கு ஆறு அளவுகோல்கள் சொல்லி, நூற்றுக்கு இவ்வளவு என்று எடையும் கொடுத்தார்: உணர்வு 51, கதை 23, தாளம் 10, கண் போகும் இடம் 7, திரையின் தளம் 5, உண்மையான இட அமைப்பு 4. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் கீழிருந்து விடு என்கிறார். அக்கா தம்பியின் முகத்தில் உணர்வு உச்சமாக வந்த டேக்கில் (ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் ஒரு முறை) பை தோள் மாறியிருந்தால், அந்த டேக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் தொடக்கத்தில் ஆறு மாதம் விதிப்படியே எடுங்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அதைத் தாண்டுவதில்லை, தடுக்கி விழுகிறார்.

பெற்றோர் கேட்பது: பிள்ளைகள் எதைப் பார்த்துப் பழகலாம்?

முதலில் தரநிலையைப் பாருங்கள்: ஜி (எல்லாருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), பிஜி13 (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் வழிகாட்டலோடு) ஆகியவை பொதுவாக உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் போதும். என்சி16 என்றால் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் எம்18, ஆர்21.

வீட்டில் பெரியவர்களுக்குப் பிடித்த பழைய தமிழ்ப் படத்தைச் சேர்ந்து பாருங்கள். பாட்டிக்கு எந்தக் காட்சி நினைவிருக்கிறது என்று கேட்டு, அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்திலுள்ள ஓல்டம் அரங்கில் ஆசியத் திரைப்படக் காப்பகம் பழைய படங்களைத் திரையிட்டு வந்திருக்கிறது. மிடில் ரோட்டிலுள்ள அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம் படம் எடுக்கும் பயிலரங்குகள் நடத்துகிறது.

இந்த ஊரின் சொந்தப் படங்களையும் விடாதீர்கள். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் 1967 வரை இயங்கியது. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், ஃபனி மஜும்தார் என்று இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் அங்கே மலாய்ப் படங்கள் எடுத்தார்கள், பி. ரம்லி அங்கேதான் நடிகராகவும் இயக்குநராகவும் வளர்ந்தார். அந்தப் படங்களின் பாட்டுக் காட்சிகளை நம் பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மொழி தெரியாமலேயே நிறைய புரியும். நம் காலத்தில், சிங்கப்பூரின் கே. ராஜகோபால் இயக்கிய முதல் முழுநீளப் படம் 2016-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது.

கீழ்த்தளத்தில் எடுக்க அனுமதி வேண்டுமா?

அந்த இடம் நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. விளக்கு, முக்காலி, பெரிய குழு என்று போவதானால் ஆசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வழியை அடைக்காதீர்கள். பக்கத்து மேசையில் தாத்தாக்கள் உட்கார்ந்திருந்தால் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் முகம் விழாத கோணத்தில் எடுங்கள். பெரும்பாலும் அவர்களே குரலைத் தணித்துக்கொண்டு உதவுவார்கள்.

எந்த மென்பொருள்?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். கணினி பழையது என்றால் கைப்பேசியில் கேப்கட். தாளத்துக்கு ஏற்பத் தானாக வெட்டித் தரும் வசதியை மட்டும் இந்தப் பயிற்சிக்கு அணைத்துவையுங்கள். பாட்டின் தட்டு எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரியும். அக்கா எதற்காகக் காத்து நிற்கிறாள் என்று தெரியாது.

எல்லாம் எடுத்தாயிற்று. இரண்டு ஷாட் ஒட்டவே மாட்டேன் என்கிறது. மறுபடி எடுக்க வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் அந்த இரண்டுக்கும் நடுவில் எதையாவது வைக்க முடியுமா பாருங்கள்: மின்தூக்கியின் எண் பலகை, மேசை மேல் விரல் தட்டுவது, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம். அடுத்து, இரண்டில் ஒன்று உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். அக்கா மின்தூக்கியிலிருந்து மேசை வரை நடந்து வரும் ஷாட்டை மாணவர்கள் உயிரைக் கொடுத்து எடுக்கிறார்கள், கதவு திறந்ததும் நேராக "சாவி எங்கே?" என்ற குரலுக்குப் போனால் யாரும் அந்த நடையைத் தேடுவதில்லை.

எதுவும் சரிவரவில்லை என்றால் அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி எடுங்கள். அதே நேரம், அதே மேசை, அதே சட்டை. குறிப்பேட்டையும் புகைப்படங்களையும் கொண்டுபோங்கள். முடி வெட்டிக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.